விற்கப் போகும் கம்ப்யூட்டர்: ஹார்ட் டிஸ்க்கைத் துடைக்கும்போது வரும் சிக்கல்கள்

சித்தப்பா வீட்டுப் பழைய டெஸ்க்டாப்பை விற்பது என்று முடிவானதும், அவரே ஒரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிப் போய் 'ஃபார்மட்' செய்து வாங்கி வந்துவிட்டார். மறுநாள் ஆள் வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு. எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று ஆன் செய்தேன். சி டிரைவ் பளிச்சென்று இருந்தது, புது விண்டோஸ். டி டிரைவைத் திறந்தால் தங்கையின் கல்யாண ஆல்பம், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், பட்டா நகல், நாலு பேருடைய ஆதார் என்று எல்லாம் வைத்தது வைத்தபடி. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் அகராதியில் ஃபார்மட் என்றால் சி டிரைவில் விண்டோஸை மறுபடி போடுவது. டி டிரைவைத் தொட்டால்தான் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார்.

"ஆதார் ஃபைலுக்குப் பாஸ்வேர்டு இருக்குல்ல" என்றார் சித்தப்பா. இருக்கிறது. பெயரின் முதல் நாலு எழுத்து, அதோடு பிறந்த வருடம். இரண்டுமே பக்கத்தில் கிடக்கும் பான் கார்டு ஸ்கேனில் இருக்கின்றன.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. இன்டெல் ஏழாம் தலைமுறையும் அதற்கு முந்தையதுமான பிராசஸர்கள் பெரும்பாலும் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறுவதில்லை. அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்கள்கூட இப்போது வீட்டை விட்டுக் கிளம்புகின்றன. அவற்றைத் துடைக்கும்போது எங்கெங்கே சிக்கிக்கொள்கிறது என்பதை, திரையில் தெரிகிற அறிகுறியை வைத்தே கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் சிக்கல் எதுவோ அங்கே நேராகப் போகலாம். கட்டளைகளை உச்சரிப்பில் தந்திருக்கிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

தொடங்குமுன்

முதலில் பேக்கப். படங்களும் டாக்குமெண்டும் எல்லோருக்கும் ஞாபகம் வரும். மறந்துபோவது வேறு: அவுட்லுக் வைத்திருந்தால் மெயில்கள் இருக்கும் அதன் பிஎஸ்டி ஃபைல், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், கணக்கு மென்பொருளான டேலியின் டேட்டா ஃபோல்டர். டேலி ஃபோல்டர் டாக்குமெண்ட்ஸுக்குள் இருக்காது, தனியாக சி டிரைவில் எங்காவது உட்கார்ந்திருக்கும். அப்புறம், பாமினியிலோ வானவில்லிலோ தட்டிய பழைய கடிதங்கள் இருந்தால் அந்த எழுத்துருக்களையும் விண்டோஸின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஃபைல் மட்டும் வந்து எழுத்துரு வராவிட்டால், புதுக் கம்ப்யூட்டரில் அந்தக் கடிதம் கிறுக்கலாகத்தான் தெரியும்.

லைசென்ஸ் உள்ள மென்பொருள்களை அழிக்குமுன் விடுவிக்க வேண்டும். டேலியில் 'சரண்டர் லைசென்ஸ்' என்றே ஒரு வசதி இருக்கிறது. அதைச் செய்யாமல் டிஸ்க்கைத் துடைத்துவிட்டால் பிறகு வாடிக்கையாளர் சேவையோடு மல்லுக்கட்ட வேண்டும்.

பேக்கப் முடிந்ததும் அந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் கழற்றி வேறு அறையில் வையுங்கள். ஏன் வேறு அறை என்பதைக் கொஞ்சம் கீழே என் கதையாகவே சொல்கிறேன்.

கடைசியாக, உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க்கா, சுழலாமல் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் மெனுவில் 'டீஃப்ராக்' என்று தேடித் திறந்தால், ஒவ்வொரு டிரைவுக்கும் எதிரே எந்த வகை என்று எழுதியிருக்கும். இரண்டையும் துடைக்கும் முறை வேறு வேறு. ஹார்ட் டிஸ்க்குக்குச் சரியான மருந்து எஸ்எஸ்டிக்கு அரைகுறை மருந்து.

"ஃபார்மட் செய்துவிட்டேன், ஆனாலும் ரெக்கவரி மென்பொருளில் பழைய படங்கள் வருகின்றன"

நீங்கள் செய்தது குவிக் ஃபார்மட். ஒரு நூலகத்தில் புத்தகங்களை அடுக்கிலேயே விட்டுவிட்டு, அட்டவணைப் பேரேட்டை மட்டும் கிழித்துப் போட்டது போன்ற வேலை அது. விண்டோஸ் அட்டவணையைப் பார்த்து 'காலி' என்கிறது. ரீகுவா ('டீப் ஸ்கேன்' முறையில்), ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்கள் அட்டவணையை நம்பி இருப்பதில்லை. நேராக அடுக்குக்குள் புகுந்து, ஜேபெக் படம் எப்படித் தொடங்கும், பிடிஎஃப் எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்து ஒவ்வொன்றாக உருவி எடுக்கின்றன. பார்ட்டிஷனை (டிஸ்க்கின் ஒரு பிரிவை) டெலிட் செய்வதும், விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும்போது வருகிற 'ஃபார்மட்' பட்டனும் இதே ரகம்தான்.

தீர்வு, டிஸ்க் முழுவதும் ஏதாவது ஒன்றை மேலெழுதுவது. டி, ஈ டிரைவ்களுக்கு வழி எளிது. டிரைவின் மேல் வலது கிளிக், ஃபார்மட், வருகிற சின்னக் கட்டத்தில் 'குவிக் ஃபார்மட்' என்பதற்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிட்டு ஸ்டார்ட். விஸ்டாவிலிருந்து இப்படிச் செய்கிற முழு ஃபார்மட், டிரைவ் நெடுகப் பூஜ்யம் எழுதுகிறது. எக்ஸ்பியில் அப்படி இல்லை. அது கெட்ட செக்டார் (டிஸ்க்கில் பழுதான இடம்) இருக்கிறதா என்று படித்துப் பார்ப்பதோடு சரி, எதையும் அழிக்காது. எக்ஸ்பி காலத்துக் கம்ப்யூட்டரை 'அன்றைக்கே ஃபுல் ஃபார்மட் போட்டாச்சு' என்று சொல்லி விற்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு தடவை எழுதினால் போதுமா, ஏழு தடவையா, முப்பத்தைந்தா என்று கேட்பார்கள். அந்த முப்பத்தைந்து எங்கிருந்து வந்தது என்றால், ஆக்லாந்தைச் சேர்ந்த பீட்டர் கட்மன் 1996-இல் எழுதிய ஒரு ஆய்வுக் கட்டுரையிலிருந்து. அன்றைக்குப் புழக்கத்தில் இருந்த பல வகை டிஸ்க்குகளின் எழுதும் முறைகளை எல்லாம் சேர்த்துக் கணக்கிட்ட எண்ணிக்கை அது. எல்லா டிஸ்க்குக்கும் முப்பத்தைந்தும் தேவையில்லை என்று பிறகு அவரே விளக்கம் எழுதினார். இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு முறை பூஜ்யம் எழுதினால் போதும். மீதி நேரத்தில் வேறு வேலை பார்க்கலாம்.

இதெல்லாம் யார் மெனக்கெட்டுத் தேடப்போகிறார்கள் என்று தோன்றினால் ஒரு பழைய கணக்கு. அமெரிக்காவின் எம்ஐடியில் படித்துக்கொண்டிருந்த சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலட்டும் பழைய ஹார்ட் டிஸ்க்குகள் 158-ஐச் சந்தையில் வாங்கிப் பார்த்து, முடிவை 2003-இல் வெளியிட்டார்கள். ஓடுகிற நிலையில் இருந்தவை 129. அவற்றில் ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை 12. ஒன்று ஏடிஎம் மெஷினிலிருந்து கழற்றியது.

"விண்டோஸ் இருக்கிற சி டிரைவை ஃபார்மட் செய்ய விடவில்லை"

விடாது. உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்ட விண்டோஸ் சம்மதிக்காது. வெளியிலிருந்து பூட் செய்ய வேண்டும், அதாவது கம்ப்யூட்டரைப் பென் டிரைவிலிருந்து தொடங்க வேண்டும். இன்னொரு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபியோ அதற்கு மேலோ உள்ள பென் டிரைவில் விண்டோஸ் இன்ஸ்டாலரை ஏற்றிக்கொள்ளுங்கள் (பென் டிரைவில் இருப்பதெல்லாம் போய்விடும்). அதிலிருந்து பூட் ஆகி, மொழி தேர்ந்தெடுக்கும் முதல் திரை வந்ததும் ஷிஃப்ட்டையும் எஃப்10-ஐயும் சேர்த்து அழுத்துங்கள். சில லேப்டாப்களில் எஃப்என் விசையும் கூட வேண்டியிருக்கும். கறுப்புத் திரை ஒன்று திறக்கும்.

அதில் 'டிஸ்க்பார்ட்' என்று தட்டி எண்டர். பிறகு 'லிஸ்ட் டிஸ்க்'. இங்கேதான் நின்று நிதானிக்க வேண்டும். இருக்கிற டிஸ்க் எல்லாம் 0, 1, 2 என்று எண்ணும் அளவுமாக வரிசையில் வரும். உங்கள் பென் டிரைவும் அதில் ஒன்று. அளவை வைத்து அடையாளம் கண்டு, 'செலக்ட் டிஸ்க் 0' (அல்லது எந்த எண்ணோ அது). மறுபடி 'லிஸ்ட் டிஸ்க்' தட்டினால், தேர்ந்தெடுத்ததன் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அது சரியான வரிசையில்தான் இருக்கிறதா என்று இன்னொரு தடவை பாருங்கள். அப்புறம் 'கிளீன் ஆல்'.

'ஆல்' முக்கியம். வெறும் 'கிளீன்' என்று தட்டினால் ஒரே விநாடியில் வெற்றி என்று செய்தி வரும். வராமல் என்ன, பார்ட்டிஷன் அட்டவணையை மட்டும்தானே அழித்தது. மேலே சொன்ன பேரேட்டுக் கதையேதான்.

இப்போது என் கதை. ஒரு மாமாவின் லேப்டாப்பைத் துடைத்துக்கொடுக்க உட்கார்ந்தேன். உள்ளே 1 டிபி டிஸ்க். பேக்கப் எடுத்த எக்ஸ்டர்னலும் 1 டிபி, அது செருகியபடியே இருந்தது. எப்போதும் உள்ளே இருப்பதுதான் 0, வெளியே இருப்பது 1 என்ற நம்பிக்கையில் நான் எண்ணைத் தட்டிவிட்டேன். அன்றைக்கு வரிசை மாறியிருந்தது. உறுதியா என்று டிஸ்க்பார்ட் ஒரு வார்த்தை கேட்பதில்லை. பத்து நிமிடம் கழித்து எக்ஸ்டர்னலின் விளக்கு விடாமல் சிமிட்டுவதைப் பார்த்துத்தான் உறைத்தது. நல்லவேளை, லேப்டாப்பில் மூலம் அப்படியே இருந்தது, பேக்கப்பை மறுபடி எடுத்தோம். அன்றிலிருந்து பேக்கப் டிஸ்க் வேறு அறையில்.

"பென் டிரைவிலிருந்து பூட் ஆகவே மாட்டேன் என்கிறது, நேராக விண்டோஸுக்குப் போகிறது"

ஆன் செய்த உடனே பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12. எச்பியில் எஸ்கேப் தட்டிவிட்டு எஃப்9. ஆசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரில் எஃப்12-தான், ஆனால் பல மாடல்களில் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே வரும் அமைப்புத் திரை) போய் அந்த மெனுவை முதலில் இயக்கிவிட வேண்டும்.

விசையைப் பிடிக்கவே நேரம் கிடைக்கவில்லை என்றால் விண்டோஸ் வழியாகவே போகலாம். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட்டைக் கிளிக் செய்தால் நீலத் திரை ஒன்று வரும். அதில் 'யூஸ் எ டிவைஸ்' என்பதற்குள் பென் டிரைவ் தெரியும். அதுவும் தெரியவில்லை என்றால் யூஎஸ்பி துளையை மாற்றிப் பாருங்கள். டெஸ்க்டாப்பில் பின்பக்கத் துளை, முன்பக்கத்தைவிட நம்பகமானது.

"கிளீன் ஆல் கொடுத்து ரொம்ப நேரமாகிறது, திரையில் அசைவே இல்லை"

தொங்கிவிட்டது என்று நினைத்துப் பாதியில் அணைப்பவர்கள் ஏராளம். இந்தக் கட்டளை சதவீதக் கணக்கு எதுவும் காட்டாது. கர்சர் சிமிட்டும், அவ்வளவுதான். ஹார்ட் டிஸ்க் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள், எரிந்தால் வேலை நடக்கிறது.

எவ்வளவு நேரம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பழைய லேப்டாப் ஹார்ட் டிஸ்க் விநாடிக்குச் சராசரியாக 80 எம்பி எழுதும் என்று வைத்துக்கொண்டால், 500 ஜிபிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். 1 டிபிக்கு மூன்றரை மணி நேரம். டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி 2 கேபிள் வழியாகச் செய்கிறீர்கள் என்றால் வேகம் 30 எம்பி பக்கம் இறங்கிவிடும். 500 ஜிபிக்கே நாலரை மணி நேரத்தைத் தாண்டும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குவதுதான் புத்திசாலித்தனம். லேப்டாப் என்றால் சார்ஜரை மாட்டியே வையுங்கள். நடுவில் கரண்ட் போனால் பதற வேண்டாம், கெட்டுப்போக அதில் ஒன்றும் மிச்சமில்லை. மறுபடி முதலிலிருந்து கட்டளை கொடுங்கள்.

"ஐ/ஓ டிவைஸ் எரர் என்று பாதியில் நின்றுவிடுகிறது"

டிஸ்க்கில் கெட்ட செக்டார் இருக்கலாம். ஆனால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். டெஸ்க்டாப் என்றால் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைக் கழற்றி மாட்டி இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். அதே இடத்தில் நிற்கிறது, அல்லது உள்ளே 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறது என்றால் டிஸ்க்கின் ஆயுள் முடிகிறது. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவி 'காஷன்' என்று மஞ்சளில் காட்டினாலும் அதே பொருள்தான்.

விண்டோஸுக்கு மாற்றான இலவச உபுண்டுவைப் பென் டிரைவிலிருந்து ஓட்டி, அங்குள்ள 'டிஸ்க்ஸ்' செயலியில் பூஜ்யம் எழுதிப் பார்க்கலாம், சில சமயம் கைகொடுக்கும். ஆனால் என் அபிப்பிராயம், இப்படிப்பட்ட டிஸ்க்கோடு விற்கவே கூடாது. டிஸ்க் இல்லாமல் விற்பதாக முன்கூட்டியே சொல்லி, விலையில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். பழைய 500 ஜிபி டிஸ்க்குக்குச் சந்தையில் பெரிய மதிப்பு ஒன்றும் கிடையாது.

கழற்றிய டிஸ்க்கை என்ன செய்வது? காந்தத்தை வைத்துத் தேய்ப்பார்கள் சிலர். ஸ்பீக்கர் காந்தத்துக்கெல்லாம் அது மசியாது. ஹார்ட் டிஸ்க்கின் உள்ளேயே, ஊசியை அசைக்க அதைவிடப் பலமான காந்தம் ஒன்று பல வருடங்களாக உட்கார்ந்திருக்கிறது. டிரில்லிங் மெஷினால் தட்டுகளின் வழியே மூன்று நாலு துளை போடுவதே வீட்டளவில் நம்பகமான வழி. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், ஏனென்றால் லேப்டாப்பின் சின்ன டிஸ்க்குகளில் தட்டுகள் பெரும்பாலும் கண்ணாடியால் ஆனவை, நொறுங்கித் தெறிக்கும். டெஸ்க்டாப்பின் பெரிய டிஸ்க்கில் பெரும்பாலும் அலுமினியத் தட்டுகள், அவை வளையும், தெறிக்காது. துளை போட்ட டிஸ்க்கைக் குப்பைத்தொட்டியில் போடாமல் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

"என்னுடையது எஸ்எஸ்டி. கிளீன் ஆல் போட்டால் போதுமா?"

இதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். எஸ்எஸ்டியில் உள்ள சில்லுகளை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் தேய்ந்துவிடும். அதனால் உள்ளே இருக்கும் கன்ட்ரோலர், நாம் 'இங்கே எழுது' என்று சொன்னாலும் தேய்மானம் சமமாக இருக்கும்படி வேறொரு இடத்தில் எழுதிவிட்டு, கணக்கை மட்டும் மாற்றிக்கொள்ளும். வெளியே சொல்லும் கொள்ளளவைவிட உள்ளே கொஞ்சம் கூடுதல் இடமும் ஒதுக்கி வைத்திருக்கும். ஆகவே வெளியிலிருந்து எத்தனை தடவை பூஜ்யம் எழுதினாலும், எல்லாச் சில்லுக்கும் அது போய்ச் சேர்ந்தது என்று சொல்ல முடியாது.

இன்னொரு பக்கம், எஸ்எஸ்டியில் குவிக் ஃபார்மட்டே ஓரளவு வேலை செய்துவிடுகிறது. ஃபார்மட் செய்யும்போது விண்டோஸ் 'இந்த இடமெல்லாம் இனி வேண்டாம்' என்று டிரிம் கட்டளை அனுப்பும். கன்ட்ரோலர் சாவகாசமாக அவற்றைக் காலி செய்யும். ரீகுவா ஓட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. சாதாரண வீட்டுப் படங்களுக்கு இதுவே போதும் என்பவர்கள் இருக்கிறார்கள். வாடிக்கையாளர் கணக்கு, நோயாளிகள் விவரம் இருந்த மெஷின் என்றால் நான் அதோடு விட மாட்டேன்.

சரியான வழி, கன்ட்ரோலருக்கே 'எல்லாவற்றையும் அழி' என்று உத்தரவு கொடுப்பது. இதற்குப் பெயர் செக்யூர் இரேஸ். பூஜ்யம் எழுதுவதற்கு மணிக்கணக்கு என்றால், பல எஸ்எஸ்டிகளில் இது ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். முதலில் பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். டெல்லின் அலுவலக மாடல்களில் 'டேட்டா வைப்', எச்பியில் 'செக்யூர் இரேஸ்' என்று இருக்கும். அங்கே இல்லையென்றால் சாம்சங் மெஜிஷியன் போல அந்தந்த எஸ்எஸ்டி கம்பெனியின் கருவி. அதுவும் இல்லையென்றால், சாட்டா எஸ்எஸ்டிக்கு உபுண்டுவின் 'டிஸ்க்ஸ்' செயலியில் 'ஃபார்மட் டிஸ்க்' திறந்தால் 'ஏடிஏ செக்யூர் இரேஸ்' என்ற தேர்வு வரும்.

அந்தத் தேர்வு மங்கலாக இருக்கிறது, அல்லது 'ஃப்ரோசன்' என்று சொல்கிறது என்றால் எஸ்எஸ்டி பழுது என்று அர்த்தமில்லை. வைரஸ் எதுவும் விளையாடிவிடக் கூடாது என்று பயாஸே ஆன் ஆகும்போது அந்த உத்தரவைப் பூட்டி வைக்கிறது. கம்ப்யூட்டரை ஒரு தடவை ஸ்லீப்பில் போட்டு எழுப்புங்கள். பல மெஷின்களில் பூட்டு திறந்துவிடும்.

எதுவுமே ஒத்துவரவில்லை என்றால் சுற்று வழி ஒன்று உண்டு. விண்டோஸ் ப்ரோ இருந்தால் அதிலேயே உள்ள பிட்லாக்கரை இயக்கி, 'என்டயர் டிரைவ்' என்பதைத் தேர்ந்தெடுத்து முழுவதையும் மறையாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்யுங்கள். 'யூஸ்ட் ஸ்பேஸ் ஒன்லி' வேண்டாம், அது காலி இடத்தில் ஒளிந்திருக்கும் பழைய டேட்டாவை விட்டுவிடும். முடிந்ததும் மேலே சொன்ன டிஸ்க்பார்ட் வழியில் துடையுங்கள். மிச்சம் மீதி ஏதாவது சில்லில் தங்கினாலும் பெரும்பாலும் சாவி போன பூட்டுதான். ஹோம் பதிப்பில் இருப்பவர்கள் வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருளில் இதையே செய்யலாம்.

"பிட்லாக்கர் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கிறது"

உள்ளே இருப்பது வேண்டும் என்றால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து தேடுங்கள், பெரும்பாலும் அங்கே சேமிக்கப்பட்டிருக்கும். வேண்டாம், அழிக்கத்தான் போகிறேன் என்றால் கீ எதற்கு? பென் டிரைவிலிருந்து பூட் செய்து டிஸ்க்பார்ட்டுக்குப் போய்விடுங்கள். துடைப்பதற்குக் கீ தேவையில்லை.

"ரீசெட் திஸ் பிசி பாதியில் தோற்றுப்போகிறது"

பென் டிரைவ் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு செட்டிங்ஸில் ரெக்கவரி பகுதியில் உள்ள 'ரீசெட் திஸ் பிசி' நல்ல வழிதான். 'ரிமூவ் எவ்ரிதிங்' கொடுத்துவிட்டு நேராக நெக்ஸ்ட் தட்டாதீர்கள். 'சேஞ்ச் செட்டிங்ஸ்' உள்ளே போய் 'கிளீன் டேட்டா' என்பதை இயக்குங்கள். எல்லா டிரைவ்களிலிருந்தும் அழிக்கவா என்ற தேர்வும் அங்கேதான் இருக்கிறது. சித்தப்பாவின் டி டிரைவ் தப்பிப் பிழைத்தது போன்ற கதை இங்கேயும் நடக்கும். இந்த முறை அரசு, தொழில்துறைத் தரங்களுக்கு ஈடாகாது என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் போதும்.

'தேர் வாஸ் எ ப்ராப்ளம் ரீசெட்டிங் யுவர் பிசி' என்று வந்தால், உள்ளூர் விண்டோஸ் ஃபைல்கள் சிதைந்திருக்கும். மறுபடி தொடங்கி 'கிளவுட் டவுன்லோடு' தேர்ந்தெடுங்கள். 2020 மே மாதப் பதிப்பிலிருந்து விண்டோஸ் 10-இல் அது இருக்கிறது. சுமார் 4 ஜிபி இறங்கும், மொபைல் ஹாட்ஸ்பாட்டில் செய்பவர்கள் கவனிக்கவும். அதுவும் தோற்றால் மூன்றாவது முறை முயற்சி செய்து நேரத்தை வீணாக்காமல் பென் டிரைவுக்கு வந்துவிடுங்கள்.

"துடைத்துவிட்டேன். இப்போது 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்கிறது"

வாழ்த்துகள். அப்படித்தான் சொல்ல வேண்டும். உள்ளே விண்டோஸ் இல்லை. இப்படியே விற்கலாம், ஆனால் ஓடுகிறதா என்று காட்ட முடியாது, விலையும் அடிபடும். விண்டோஸைப் போட்டுவிடுங்கள். விண்டோஸ் 8 காலத்திலிருந்து பிராண்டட் மெஷின்களில் லைசென்ஸ் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பைப் போட்டு இணையத்தில் இணைத்தால் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். கீ கேட்டால் 'ஐ டோன்ட் ஹேவ் எ ப்ராடக்ட் கீ' கொடுத்து மேலே போகலாம். விண்டோஸ் 7 காலத்து மெஷின் என்றால் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கிழித்துவிடாதீர்கள்.

"இன்ஸ்டால் செய்யப் போனால் இந்த டிஸ்க்கில் முடியாது என்கிறது"

ஜிபிடி, எம்பிஆர் என்ற சொல் ஏதாவது செய்தியில் இருந்தால், பென் டிரைவ் பூட் ஆன விதமும் டிஸ்க்கின் அட்டவணை முறையும் ஒத்துப்போகவில்லை. டிஸ்க் எப்படியும் காலிதான். யூஇஎஃப்ஐ (புதுவகை பயாஸ்) முறையில் பூட் செய்து, டிஸ்க்பார்ட்டில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து 'கிளீன்', பிறகு 'கன்வெர்ட் ஜிபிடி' (இங்கே வெறும் கிளீன் போதும், முன்பே துடைத்தாயிற்று). டிஸ்க்கே பட்டியலில் இல்லை என்றால் பயாஸில் சாட்டா பகுதியில் 'ரெய்டு' அல்லது 'ஆர்எஸ்டி' என்று இருப்பதை 'ஏஎச்சிஐ' என்று மாற்றிப் பாருங்கள்.

"500 ஜிபி டிஸ்க், 465 தான் காட்டுகிறது. வாங்குகிறவர் சண்டை போடுகிறார்"

டிஸ்க் கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது. 500 ஜிபி 465 ஆகும், 1 டிபி 931 ஆகும், 320 ஜிபி 298 ஆகும். எதுவும் திருடு போகவில்லை. 465-க்கும் நிறையக் குறைவாக, 200 என்றோ 300 என்றோ காட்டினால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள். மீதி இடம் 'அன்அலொகேட்டட்' என்று கறுப்புப் பட்டையாகக் கிடக்கும். வலது கிளிக் செய்து புது வால்யூம் உருவாக்கினால் சரி.

"விற்ற பிறகு வாங்கியவர் போன் செய்கிறார், என் பாஸ்வேர்டு கேட்கிறதாம்"

டிஸ்க்கைத் துடைத்தாலும் போகாத பூட்டுகள் சில உண்டு. பயாஸில் வைத்த சூப்பர்வைசர் பாஸ்வேர்டு மதர்போர்டில் இருக்கிறது. பயாஸில் வைக்கும் ஹார்ட் டிஸ்க் பாஸ்வேர்டு டிஸ்க்கின் கன்ட்ரோலரிலேயே பூட்டுப் போடும். இரண்டையும் கொடுக்குமுன் நீக்குங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கின் டிவைஸ் பட்டியலிலிருந்தும் அந்தக் கம்ப்யூட்டரை எடுத்துவிடுங்கள். மேக் என்றால் 'ஃபைண்ட் மை' அணைக்காமல் கொடுத்தால், வாங்கியவர் ஆக்டிவேஷன் லாக்கில் (பழைய உரிமையாளரின் பாஸ்வேர்டு கேட்கும் பூட்டு) மாட்டிக்கொள்வார். 2021-இல் வந்த மேக் இயங்குதளமான மான்டரேயிலிருந்து, டி2 பாதுகாப்புச் சில்லோ ஆப்பிள் சில்லோ உள்ள மேக்குகளில் 'இரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்' இதையும் சேர்த்தே கவனித்துக்கொள்கிறது.

ஒப்படைக்குமுன்

புது விண்டோஸ் ஏறியபின் எந்த நாடு என்று கேட்கும் திரை வரும். ஆசைப்பட்டு அதில் உங்கள் கணக்கைப் போட்டு உள்ளே போய்விடாதீர்கள், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். துடைத்தது உண்மையிலேயே துடைத்ததுதானா என்று பார்க்க விரும்பினால் விண்டோஸ் போடுவதற்கு முன்பே, டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் யூஎஸ்பி கேபிளால் மாட்டி ஃபோட்டோரெக் ஓட்டிப் பாருங்கள். சித்தப்பாவின் டிஸ்க்கில் அப்படிச் செய்தபோது, ஒரு மணி நேரம் ஓடியபின் கிடைத்த ஃபைல்கள் பூஜ்யம் என்று வந்தது. பிறகு விண்டோஸைப் போட்டோம். நாடு கேட்கும் திரையில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தோம். காத்துக்கொண்டிருந்தவரிடம் கம்ப்யூட்டர், மானிட்டர் கேபிள், பவர் கார்டு மூன்றையும் எடுத்துக் கொடுத்தார் சித்தப்பா.